ஈரோடு ஷெட்டின் டபிள்யூஏபி-4: எச்ஓ அளவு மின்சார எஞ்சின் மாதிரிக்கு மெய்த்தோற்றம் தரும் முறை

எச்ஓ அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது மெய்யான எஞ்சினில் 87 மில்லிமீட்டர். ஓட்டுநர் அறைக் கதவின் ஓரத்தில் நிற்கும் கைப்பிடிக் கம்பி, மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் வார்க்கப்பட்டிருந்தால், அது உண்மையில் ஒன்பது சென்டிமீட்டரை நெருங்கும் ஒரு தூண். எந்த லோகோ பைலட்டும் அதைக் கையால் பற்றி மேலே ஏற முடியாது. மாதிரி எஞ்சின் பொம்மையாகத் தெரிவதற்கான காரணங்களில் பாதி இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும். மீதிப் பாதி, எந்த எஞ்சின், எந்த ஆண்டு என்று முடிவு செய்யாமலேயே உறுப்புகளை ஒட்டத் தொடங்குவதால் வருகிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது டபிள்யூஏபி-4. சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலையில் 1994 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டப்பட்ட, 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் ஓடும், ஆறு அச்சுகள் கொண்ட, 5,000 குதிரைத்திறனுக்குச் சற்று மேற்பட்ட பயணியர் ரயில் எஞ்சின் அது. தமிழ்நாட்டில் ரயில் ஏறியவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையேனும் அதன் சிவப்பு முகத்தைப் பார்த்திருப்பார்கள். மாதிரியின் உடல் கடையில் வாங்கியதாகவோ, முப்பரிமாண அச்சில் எடுத்ததாகவோ, வேறொரு நாட்டு ஆறச்சு எஞ்சினின் அடிச்சட்டத்தின் மேல் பொருத்தியதாகவோ இருக்கலாம். செய்முறை பெரிதாக மாறாது. டபிள்யூஏபி-7 வைத்திருப்பவர்களும் அளவுகளை மட்டும் மாற்றிக்கொண்டு இதையே பின்பற்றலாம்.

முதலில் ஆண்டு

நான் எடுத்துக்கொண்ட காலம் 2000களின் பிற்பகுதி. ஐசிஎஃப் என்னும் பழைய வகை நீல நிறப் பெட்டிகளை ஈரோடு ஷெட்டின், அதாவது எஞ்சின் பராமரிப்புக் கூடத்தின், எஞ்சின் இழுத்துச் செல்லும் காலம். இதைத் தாளில் எழுதி மேசையின் மேல் ஒட்டிக்கொண்ட பிறகுதான் கத்தியைக் கையில் எடுத்தேன். அந்த ஒரு வரி, என்ன சேர்க்க வேண்டும் என்பதைக் காட்டிலும் என்ன சேர்க்கக் கூடாது என்பதைத்தான் அதிகம் சொன்னது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே ரயில் இருக்குமிடத்தை அனுப்பும் கருவியின் ஆன்டெனா இன்றைய எஞ்சின் கூரைகளில் இருக்கிறது. 2000களின் எஞ்சினில் அது இருக்கக் கூடாது. எல்எச்பி என்னும் புதுவகைப் பெட்டிகளோடு பரவலான நடுப்பிடிக் கப்ளிங்கை (வண்டிகளைப் பிணைக்கும் இணைப்பு) முன்னால் பொருத்திவிட்டு, பின்னால் திருகுக் கப்ளிங் கொண்ட ஐசிஎஃப் பெட்டிகளை நிறுத்தினால், விவரம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும். முன்கண்ணாடியின் அளவும் விளக்குகளின் அமைவும்கூடத் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறியிருக்கின்றன. ஆகவே 22 அல்லது 25 என்று தொடங்கும் ஐந்திலக்க எண்ணுள்ள ஒரே ஓர் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, அதே எஞ்சினின் படங்களை மட்டும் சேகரிப்பது நல்லது. மூன்று எஞ்சின்களின் சிறப்புகளை ஒன்றில் கலந்தால் நான்காவதாக எங்கும் ஓடாத ஓர் எஞ்சின் பிறக்கும்.

படங்களில் இரண்டு பக்கவாட்டுத் தோற்றங்களும் தனித்தனியாக வேண்டும். வலப்பக்கத்தைப் பார்த்து இடப்பக்கத்தையும் அப்படியே செய்துவிடுவது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. காற்றுத் துளைப் பலகைகளும் சன்னல்களும் இரு பக்கமும் ஒரே வரிசையில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கூரையின் படம்தான் கிடைப்பதற்கு அரிது. பிளாட்பாரத்தில் நின்றால் கூரை தெரியாது. நடைமேம்பாலத்தில் தகடு அடைக்காத இடம் கிடைத்தால் அங்கிருந்து எடுக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் பெட்டியின் மீதோ, நின்றுகொண்டிருக்கும் சரக்கு வண்டியின் மீதோ ஏறிப் படம் எடுக்கக் கூடாது. 25,000 வோல்ட் மின்சாரம் தாக்குவதற்குக் கம்பியைத் தொட வேண்டிய தேவையில்லை, நெருங்கினாலே போதும்.

வரைபடம் கையில் இல்லாதபோது படத்திலிருந்தே அளவெடுக்க ஒரு வழி உண்டு. இந்த எஞ்சினின் புதுச் சக்கரத்தின் விட்டம் 1,092 மில்லிமீட்டர். முற்றிலும் பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் சக்கரம் கணினித் திரையில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறதென்று பார்த்து, அதே விகிதத்தில் கதவின் உயரம், சன்னலின் அகலம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, வரும் எண்ணை 87ஆல் வகுத்தால் மாதிரியின் அளவு வந்துவிடும். சக்கரம் தேய்ந்து தேய்ந்து 1,016 மில்லிமீட்டர் வரை குறையும் என்பதால் ஏழு விழுக்காடு வரை பிழை வரலாம். அதனால் இரண்டாவது அளவுகோலாக எஞ்சினின் முழு நீளத்தையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். முன்னும் பின்னும் துருத்தி நிற்கும் மோதல் தாங்கிகளான பஃபர்களில், பஃபர் முனையிலிருந்து பஃபர் முனை வரை ஏறத்தாழ 18.8 மீட்டர், மாதிரியில் 216 மில்லிமீட்டர்.

உடலைத் தயார்செய்தல்

உடலை அடிச்சட்டத்திலிருந்து கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். வார்ப்பிலிருந்து எளிதாக எடுப்பதற்காகத் தடவிய எண்ணெய் படிந்திருந்தால் பின்னால் அடிக்கும் பெயின்ட் உரிந்து வரும். வெந்நீர் வேண்டாம், மெல்லிய சுவர்கள் வளைந்துவிடும். முப்பரிமாண அச்சில் வந்த உடலாக இருந்தால் படிவுக் கோடுகள் மறையும் வரை 400, 600, 800 என்று வரிசையாக உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். இதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்தவரின் எஞ்சினில், எத்தனை நுணுக்கம் சேர்த்தாலும், பக்கவாட்டில் வெளிச்சம் படும்போதெல்லாம் அந்தக் கோடுகள் எழுந்து வந்து நிற்கும்.

அடுத்து, வார்ப்போடு ஒட்டியே வந்திருக்கும் கைப்பிடிக் கம்பிகள், வைப்பர்கள், தடித்த காற்றுக் குழாய்கள் ஆகியவற்றைச் செதுக்கி எடுக்க வேண்டும். புதிய பிளேடைப் படுக்கவைத்து, ஒரே வீச்சில் வெட்டாமல் பல முறை மெல்லச் சீவுவதே பாதுகாப்பானது. சீவுவதற்கு முன், அந்தக் கம்பியின் இரண்டு முனைகளும் இருந்த இடத்தை ஊசியால் குத்தி அடையாளமிட்டுக்கொள்ள வேண்டும். எனது முதல் எஞ்சினில் அதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் வழுவழுவென்று சீவி முடித்த பிறகு, துளை எங்கே போடுவதென்று தெரியாமல் ஒரு மாலை முழுவதும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூரை

மின்சார எஞ்சினைப் பொறுத்தவரை முகத்தைவிடக் கூரைக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. நிலையத்தில் நாம் எஞ்சினைக் கீழிருந்து பார்க்கிறோம். வீட்டில் மேசை மேலுள்ள மாதிரியை எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். மெய்யான எஞ்சினில் நம் கண்ணுக்கு எட்டாத கூரையே, மாதிரியில் முதலில் கண்ணில் படுவது.

கூரையில் இருப்பவை எவை என்பதை மின்சாரத்தின் வழியைப் பின்பற்றிப் புரிந்துகொண்டால், எந்தக் கம்பி எங்கே போக வேண்டுமென்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து பேண்டோகிராஃப் மின்சாரத்தை எடுக்கிறது. அது, தேவையானால் அந்தப் பேண்டோகிராஃபைத் துண்டித்துவைக்க உதவும் இணைப்பின் வழியே, இன்சுலேட்டர்களின் மேல் தாங்கப்பட்ட கூரைக் கம்பிக்கு வருகிறது. இரண்டு பேண்டோகிராஃபுகளுக்கும் பொதுவான அந்தக் கம்பியிலிருந்து சர்க்யூட் பிரேக்கருக்கும், அங்கிருந்து கூரையைத் துளைத்து உள்ளே இறங்கும் பெரிய இன்சுலேட்டர் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்கும் செல்கிறது. இடியின் அதிர்ச்சியைத் தாங்கும் அரெஸ்டர் ஒன்றும் பக்கத்தில் நிற்கும். இந்த வழியில் எங்கேயாவது உங்கள் மாதிரியின் கம்பி கூரைத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், மெய்யான எஞ்சினில் அந்த இடத்தில் பெருந்தீப்பொறி பறந்திருக்கும். கடை மாதிரிகளில் பலவற்றில் கூரைக் கம்பி வார்ப்பிலேயே கூரையோடு ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

அதைச் சீவி எடுத்துவிட்டு 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியால் மாற்றலாம். கம்பி நேராக இருப்பது முக்கியம். சுருளாக வாங்கிய கம்பியை விரலால் நேராக்க முடியாது. ஒரு முனையைக் குறட்டில் பிடித்து, மறுமுனையை இன்னொரு குறட்டால் பற்றி, சற்று நீளும் வரை இழுத்தால் அது கோடு போட்டதுபோல் நேராகிவிடும். இன்சுலேட்டர்கள் தனியாகக் கிடைக்காவிட்டால், மெல்லிய பித்தளைக் கம்பியின் மேல் சிறு பிளாஸ்டிக் வட்டுகளைக் கோத்து அடுக்கலாம். அல்லது ஒத்த தடிமனுள்ள மரையாணியின் தண்டை வெட்டி, அதன் மரைகளையே இன்சுலேட்டரின் தட்டுகளாகக் கொள்ளலாம். மரை சுருளாகப் போகும், தட்டுகள் வட்டமாக இருக்கும் என்பது உண்மைதான். பெயின்ட் அடித்த பிறகு ஒரு சாண் தொலைவில் அந்த வேறுபாடு தெரிவதில்லை. பீங்கான் இன்சுலேட்டர்களுக்கு ஆழ்ந்த பழுப்பு நிறமும், அதன் மேல் பளபளப்பான வார்னிஷும் வேண்டும். எஞ்சின் முழுவதும் மங்கலாக இருக்க, இவை மட்டும் மினுங்குவது கண்ணுக்கு மிகவும் மெய்யாகப் படும்.

டபிள்யூஏபி-4இன் பேண்டோகிராஃப் ஒற்றைக் கை வகை. முழங்கை எஞ்சினின் எந்த முனையை நோக்கி மடிகிறது என்பதை இரண்டு பேண்டோகிராஃபுகளுக்கும் தனித்தனியே படத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடை மாதிரியின் பேண்டோகிராஃபில் தடித்த திருகு ஒன்று நடுவில் துருத்திக்கொண்டிருக்கும். அதன் தலையை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கி, கூரையின் நிறத்தைப் பூசினால் மறைந்துவிடும். உலோகப் பளபளப்பை அப்படியே விடக் கூடாது. மேல் முனையிலுள்ள கார்பன் பட்டைகளை மட்டும் அடர்ந்த கரும்பழுப்பில் பூசி, நடுவில், கம்பி உரசும் இடத்தில், பென்சில் கரியைத் தேய்த்துச் சற்று மினுக்கு ஏற்றலாம்.

இரண்டு பேண்டோகிராஃபுகளையும் ஒன்றாக உயர்த்தி வைக்க வேண்டாம். இந்திய ரயில்வேயில் வழக்கமாக ஓடும் திசைக்குப் பின்புறமுள்ளதே உயர்த்தப்படுகிறது; முன்னுள்ளது உடைந்தால் அதன் சிதறல்கள் பின்னுள்ளதையும் சேதப்படுத்தும் என்பதே காரணம். தாங்கிக் கம்பங்களின் அருகே மின்கம்பியின் வழக்கமான உயரம் தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 5.6 மீட்டர், மாதிரியில் 64 மில்லிமீட்டர். அலமாரியில் மின்கம்பி இல்லாமல் எஞ்சினை நிறுத்துபவர்கள் பேண்டோகிராஃபை அது செல்லும் உச்சி வரை உயர்த்திவிடுகிறார்கள். 64 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் அட்டைத் துண்டை வெட்டிப் பக்கத்தில் நிறுத்தி, அந்த உயரத்தில் கை நிற்கும்படி மூட்டில் ஒரு சிறு துளி பசை வைத்தால் போதும்.

முகமும் கைப்பிடிகளும்

கைப்பிடிகளுக்கு 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி பொருந்தும். அது மெய்யளவில் 26 மில்லிமீட்டர். கிட்டாரின் மெல்லிய எஃகுத் தந்தியும் இதே தடிமனில் கிடைக்கும், நேராகவும் இருக்கும். ஆனால் கூர்மையாக மடங்காமல் துள்ளிக்கொண்டே இருப்பதால் நேரான நீண்ட கம்பிகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன். துளைகளைக் கைத்துளையியில் 0.35 அல்லது 0.4 மில்லிமீட்டர் முனையால் போட வேண்டும். மின் துளைப்பான் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கம்பியைத் துளையில் செருகும்போது, உடலுக்கும் கம்பிக்கும் நடுவில் 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வைத்து, கம்பி அதன் மேல் படியுமாறு அழுத்தி, உட்புறத்திலிருந்து பசை வைத்த பிறகு பட்டையை உருவிவிட வேண்டும். எல்லாக் கைப்பிடிகளும் உடலிலிருந்து ஒரே தொலைவில் நிற்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஒரு கைப்பிடி மட்டும் சற்றே விலகி நின்றாலும், சிறு பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் கண் இதை மட்டும் மன்னிப்பதில்லை.

முன்கண்ணாடிதான் அடுத்தது. உடலின் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், அதன் உட்புறம் ஒட்டிய கண்ணாடி மெய்யளவில் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் உள்ளே பதுங்கியிருக்கும். சன்னல் குழியாகத் தெரியும். புதுச் சட்டையின் கழுத்துப்பட்டைக்கு வைத்துவரும் தெளிந்த பிளாஸ்டிக் தகட்டைச் சன்னல் துளையின் அளவுக்கே வெட்டி, வெளிச்சுவரின் மட்டத்துக்கு இணையாகத் துளைக்குள் பொருத்தினால் இந்தக் குறை தீரும். இதற்கு சூப்பர் க்ளூ கூடவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும், எதைக் கொண்டும் அதைத் துடைக்க முடியாது. பல் குத்தும் குச்சியின் நுனியில் எடுத்த ஃபெவிகால் போதும், உலர்ந்ததும் நிறமற்றதாகிவிடும்.

கல்வீச்சிலிருந்து காக்க முன்கண்ணாடிக்கு முன்னால் கம்பி வலை பொருத்திய எஞ்சின்கள் நம் நாட்டில் ஏராளம். தேர்ந்தெடுத்த எஞ்சினின் படத்தில் வலை இருந்தால் அதைத் தவறாமல் செய்ய வேண்டும். ஐரோப்பிய மாதிரிகளிலிருந்து நம் எஞ்சினைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் இது முக்கியமானது. நுண்ணிய எஃகு வடிகட்டி வலையிலிருந்து துண்டு வெட்டி, 0.2 மில்லிமீட்டர் கம்பியால் சட்டமிட்டு ஒட்டலாம். வலைக்குப் பின்னால் வைப்பர் இருக்க வேண்டும். ஒட்டும் வரிசையை மறந்துவிட்டால் வலையைப் பிய்க்க நேரிடும்.

பஃபர் தாங்கியில் தொங்கும் காற்றுக் குழாய்கள் சிறியவை, ஆனால் முகத்துக்கு உயிர் தருபவை. பல இழை மின்கம்பியிலிருந்து உரித்தெடுத்த செம்பிழைகள் இரண்டு மூன்றை முறுக்கி, கறுப்புப் பெயின்டில் தோய்த்தால் தொங்கும் குழாயின் வளைவு இயல்பாக அமையும். அவற்றின் தொடக்கத்திலுள்ள திருகு அடைப்பான்களில் பிரேக் குழாய்க்குப் பச்சையும், ஃபீட் குழாய்க்கு வெள்ளையும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அடிக்கடி தொடரில் ஓட்டும் மாதிரியாக இருந்தால், பெட்டிகளோடு இணையும் முனையில் மாதிரிக் கப்ளிங்கை வைத்துக்கொண்டு, மறுமுனையில் மட்டும் திருகுக் கப்ளிங்கும் குழாய்களும் முழுமையாகச் செய்யலாம். இரண்டு முனையிலும் முழுமையாகச் செய்துவிட்டு, வளைவில் எஞ்சின் தடம் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஓட்டுநர் அறைக்குள் ஆள் வைப்பதானால் லோகோ பைலட் இடப்பக்கமும் உதவி லோகோ பைலட் வலப்பக்கமும் அமர வேண்டும், ஓடும் திசையிலுள்ள அறையில் மட்டும்.

சக்கரங்களும் அடிப்பகுதியும்

தமிழில் போகி என்றால் பலருக்குப் பெட்டி என்றே பொருள். இங்கே சொல்வது, மூன்று அச்சுகளைத் தாங்கி எஞ்சினுக்கு அடியில் திரும்பும் சட்டத்தை. இங்கேதான் நம் அகலப்பாதை மாதிரிகளுக்கென்றே ஒரு சிக்கல் உள்ளது. இந்திய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலமே. ஆகவே உடலும் போகியின் பக்கச் சட்டங்களும் சரியான அகலத்தில் இருக்க, சக்கரங்கள் மட்டும் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் உள்வாங்கி நிற்கும். தண்டவாளத்தையும் தானே அமைப்பவர் 19.3 மில்லிமீட்டருக்கு மாறலாம். அது வேறொரு வாழ்நாள் வேலை. மற்றவர்கள் போகிச் சட்டத்தின் உட்புறத்தையும் சக்கரத்தின் பின்புறத்தையும் மங்கலான கறுப்பில் பூசி, பிரேக் கட்டைகளைச் சக்கர ஓரத்துக்கு நேராகத் தனியே செய்து ஒட்டினால், கண் அந்த இடைவெளியில் தங்காது. மீட்டர் கேஜில் இந்தத் தொல்லை இல்லை. 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறைய சரியாகப் பொருந்தும். 1960களில் சென்னைக் கடற்கரை–விழுப்புரம் மீட்டர் பாதைக்காக ஜப்பானிலிருந்து வந்த ஒய்ஏஎம்-1 எஞ்சினைச் செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

சக்கரத்தின் முகப்புப் பளபளப்பாக இருக்கக் கூடாது. தண்டவாளத்தில் உருளும் விளிம்பு மட்டுமே மின்ன வேண்டும். மற்ற இடமெல்லாம் பழுப்பும் கறுப்பும் கலந்த எண்ணெய்த் தூசு. சக்கரங்களுக்கு அருகே இறங்கும் மணல் குழாய்களை 0.4 மில்லிமீட்டர் கம்பியில் வளைத்து ஒட்டலாம். அவை தண்டவாளத்தைத் தொட்டால் மின்கோளாறு ஏற்படும், ஆகவே அரை மில்லிமீட்டர் மேலேயே வெட்டிவிட வேண்டும்.

விளக்குகள்

இங்கே கட்டுப்பாடுதான் திறமை. 0402 அளவு எல்இடி ஒரு மில்லிமீட்டர் நீளமே இருப்பதால் முன்விளக்குக் குழிக்குள் எளிதாக அடங்கும். 12 வோல்ட்டில் ஒரு கிலோ ஓம் மின்தடை வைத்தால் ஏறத்தாழ 9 மில்லி ஆம்பியர் ஓடும். அது அறையையே வெளிச்சமாக்கும். 4.7 கிலோ ஓம் வைத்தால் சுமார் 2 மில்லி ஆம்பியர், அதுவே போதும். 2000களின் எஞ்சினுக்கு மஞ்சள் கலந்த வெள்ளை ஒளிதான் பொருந்தும். நீலம் கலந்த வெள்ளை பிற்காலத்தது. உடலின் உட்புறத்தை விளக்கைச் சுற்றிக் கறுப்பாகப் பூசாவிட்டால் முகம் முழுவதும் சிவப்பு விளக்கைப்போல் ஒளிரும்.

முகத்தின் மேலுள்ள ஆரஞ்சு மின்னொளி விளக்கைப் பலர் ஓயாமல் மின்ன விடுகிறார்கள். எதிரில் வரும் ரயிலை எச்சரிக்க, ஆபத்து நேரத்தில் மட்டும் எரிவது அது. வேகமாக ஓடும் எஞ்சினில் அது மின்னிக்கொண்டிருந்தால், அந்த ரயிலுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருள். விளக்கை நிறம் பூசிப் பொருத்துங்கள். மின் இணைப்புத் தர வேண்டாம்.

பெயின்ட்டும் எழுத்தும்

சாம்பல் நிற ப்ரைமர் அடித்ததும் மறைந்திருந்த கீறல்களெல்லாம் வெளிப்படும். அவற்றைச் சரிசெய்து மீண்டும் அடிக்க வேண்டும். அதன் பின் முதலில் பாலாடை நிறப் பட்டை, அது நன்றாக உலர்ந்ததும் பட்டையை மாஸ்க்கிங் டேப்பால் மூடிவிட்டு மேலே சிவப்பு. வரிசையை மாற்றினால், சிவப்பை மறைக்கப் பாலாடை நிறத்தை ஐந்தாறு பூச்சு அடிக்க நேர்ந்து, பட்டையின் ஓரம் திட்டாக எழும்பி நிற்கும். பெயின்ட்டின் கனம் 0.1 மில்லிமீட்டர் ஆனாலும் அது மெய்யளவில் ஒன்பது மில்லிமீட்டர் என்பதை மறக்கக் கூடாது. ஏர்பிரஷில் 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில், நீர்த்த பெயின்ட்டை மெல்லிய பூச்சுகளாக அடிப்பதே முறை. சிவப்பை டப்பாவிலிருந்து எடுத்தபடி அடிக்காமல், பத்துத் துளிக்கு ஒரு துளி பாலாடை நிறம் கலக்க வேண்டும். சிறிய பொருளில் முழுச் செறிவான நிறம் எப்போதும் அதிகக் கருமையாகத் தெரியும்; இரண்டு எஞ்சின்களைப் பாழாக்கிய பிறகே இது எனக்கு உறைத்தது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னையிலோ கடலோர ஊர்களிலோ லேக்கர் வார்னிஷ் அடித்தால் காற்றின் ஈரம் அதில் சிக்கி வெண்மூட்டமாகப் படியும். அந்த நாட்களில் கம்பி வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

எண்களையும் எழுத்துகளையும் டெகால் தாளில் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படத்தாள்) அச்சிடும்போது, சாதாரணப் பிரின்டரில் வெள்ளை நிறம் வராது என்பதால், வெள்ளை மை உள்ள அச்சகத்தில் கொடுப்பது நல்லது. டெகால் ஒட்டும் பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளிபோல் மின்னும். எஞ்சின் எண், ஷெட்டின் பெயர், தெற்கு ரயில்வேயின் அடையாளம் ஆகியவற்றோடு, உடலின் அடிவிளிம்பில் பொடி எழுத்தில் இருக்கும் பராமரிப்புக் குறிப்பையும் விட்டுவிட வேண்டாம். பெரம்பூர் எஞ்சின் பணிமனையில் முழுப் பழுதுபார்ப்பு முடிந்த தேதியை அது சொல்கிறது. அரை மில்லிமீட்டர் உயர எழுத்தை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனால் மேசையில் ஒட்டிய தாளில் உள்ள ஆண்டோடு அது பொருந்த வேண்டும். பொருந்தினால், எஞ்சின் எவ்வளவு அழுக்காக இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பணிமனையிலிருந்து மூன்று மாதத்துக்கு முன் வந்த எஞ்சினுக்கும் மூன்று ஆண்டுக்கு முன் வந்த எஞ்சினுக்கும் அழுக்கு ஒன்றல்ல.

அழுக்கு

பயணியர் ரயில் எஞ்சின் என்பதால் பக்கவாட்டில் அழுக்கு குறைவாகவே இருக்க வேண்டும். சரக்கு வண்டி இழுக்கும் டபிள்யூஏஜி-5க்கு ஏற்ற அழுக்கை இதில் ஏற்றக் கூடாது. காற்றுத் துளைப் பலகைகளில் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டு, மேற்பரப்பை உடனே துடைத்துவிட்டால் இடுக்குகள் மட்டும் ஆழமாகத் தெரியும். கறுப்பைப் பயன்படுத்தினால் ஓட்டைகள் வரைந்த கோடுகளாகிவிடும். போகியிலும் உடலின் கீழ் விளிம்பிலும் பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் துருநிறத் தூசு படியும். ஓவியர்கள் பயன்படுத்தும் சுண்ணக் கோல்களை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மென்தூரிகையால் கீழிருந்து மேலாகத் தட்டினால் அந்தத் தூசு கிடைக்கும். கூரையின் நடுப்பகுதியில், பேண்டோகிராஃபுக்குக் கீழே, கார்பன் பொடியின் கறுப்பு. அது கூரையின் ஓரங்களுக்குப் போகப் போக வெளிற வேண்டும். மழைநீர் கூரையிலிருந்து வழிந்த கோடுகளுக்கு, எண்ணெய்ச் சாயத்தின் ஒரு சிறு புள்ளியைக் கூரை விளிம்பில் வைத்து, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் நேர் கீழாக இழுக்க வேண்டும். பத்துப் புள்ளி வைத்தால் ஆறேழை முழுவதுமாகத் துடைத்துவிடும் அளவுக்குக் கை அடங்க வேண்டும். அடியிலிருக்கும் வார்னிஷ் நன்றாகக் காய்ந்திருந்தால் பெயின்ட்டுக்குத் தீங்கு வராது.

இதன் மேல் மங்கல் வார்னிஷை இரண்டு மெல்லிய பூச்சுகளாக அடித்து, இன்சுலேட்டர்களுக்கும் கண்ணாடிகளுக்கும் மட்டும் தூரிகையால் மீண்டும் பளபளப்பு ஏற்ற வேண்டும்.

என் தாளில் எழுதிய மாதம் அக்டோபர். ஆயுத பூசை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அதனால் வார்னிஷ் காய்ந்த பின், முகத்தின் நடுவில், கண்ணாடிக்குக் கீழே, பல் குத்தும் குச்சியின் நுனியால் மஞ்சள் காவி நிறத்தில் ஒரு சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமத்துக்கு ஆழ்ந்த சிவப்பில் ஒரு புள்ளியும் வைத்தேன். எஞ்சினின் சிவப்பும் குங்குமத்தின் சிவப்பும் ஒன்றாகிவிடாமல் இருக்க, குங்குமத்தில் துளி பழுப்புக் கலக்க வேண்டியிருந்தது. பெயின்ட் முழுவதும் உலர்வதற்குள், ஈரமான பஞ்சுக் குச்சியால் சந்தனத்தின் கீழ்ப்பாதியை லேசாகக் கீழே இழுத்துவிட்டேன். அதற்குள் ஒரு மழை பெய்திருக்கும்.